சுயசரிதையில் நாய்க்கு ஓர் அத்தியாயம்

இன்று ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய பழைய கணக்கப்பிள்ளை. போன மாதம் சுயசரிதை வெளியிட்டாரே, அவரேதான்.

"என் புத்தகத்த படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேங்க. காலையில பேர் பதியுற பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்த பொம்பளைங்கள, இன்னைக்கு வேலை இல்லன்னு திருப்பி அனுப்புவீங்களே. அதப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

என் அம்மா அப்படித் திரும்பி வந்தவர். கைக்குழந்தையான என்னை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மேடு ஏறி ஓடியும் பிந்திவிட்டவர்.

கணக்கப்பிள்ளை சிரித்தார். "அதெல்லாம் நினைவுக் குறிப்புல எழுதுற சின்னச் சின்ன சமாச்சாரம். சுயசரிதைன்னா பொறந்ததுலருந்து முழு வாழ்க்கைங்க. முக்கியமானதத்தான் போடணும்."

"தொரையோட நாய் செத்ததுக்கு ஒரு அத்தியாயமே போட்டிருக்கீங்களே?"

"அது ரொம்ப நல்ல நாய்ங்க டீச்சர்."

முழு வாழ்க்கையாம். வருஷக்கணக்காகத் தினமும் காலையில் செய்த வேலையை எடுத்துவிட்டால், இந்த மனுஷன் வாழ்க்கையில் நாயைத் தவிர என்ன மிச்சம்?

வட்டவளையில் நான் இறங்க எழுந்தபோது சொன்னார்: "அடுத்தது நினைவுக் குறிப்பும் எழுதலாம்னு இருக்கேன். பழசெல்லாம்தான் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

அந்தச் சிரமம் அவருக்கு எதற்கு? அவர் திருப்பி அனுப்பிய பெண்களின் பிள்ளைகள் இந்த முகநூல் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நினைவுக் குறிப்பைக் கீழே கமெண்டில் நாமே எழுதிவிடலாம்.

நாயைப் பற்றி மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது.