தமிழ்நாடாக நிற்கக் கேட்ட பிள்ளை

ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்கள் பள்ளியில் மாநில அணிவகுப்பு நடத்துவது பல வருஷமாக என் வேலை. யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. பிள்ளைக்கு ஒரு மாநிலம் என்று வேஷம் போட்டு மேடையேற்றுவேன். ஒவ்வொரு பிள்ளையும் மைக் முன்னால் வந்து அந்த மாநிலத்துப் பாஷையில் இரண்டு வரி சொல்லிவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டும். கடைசியாகத் தமிழ்நாடு வரும். பாவாடை தாவணி, தலை நிறையப் பூ, கையில் தேசியக்கொடி. அது வந்து நடுவில் நின்றதும் எல்லாரும் எழுந்து ஜெய்ஹிந்த் சொல்வோம். கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கண்ணைத் துடைப்பார். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

என் இந்தியா முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பஞ்சாபுக்குக் கம்பளி நூலில் தாடி. வகுப்பிலேயே சிவப்பான பிள்ளை எதுவோ அதுதான் காஷ்மீர். நாகாலாந்தில் என்ன உடுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. கறிக்கடையில் சேவல் இறகு வாங்கி அட்டையில் ஒட்டித் தலையில் கட்டிவிடுவேன். அந்த ஊர்க்காரர் யாரும் எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம். வருஷா வருஷம் கைதட்டு வாங்கியதால், நாட்டுப்பற்றில் நம்மை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை என்று ஒரு மிதப்பும் எனக்கு இருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. அப்பா விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறவர். அம்மாவும் அங்கேயே நூல் சுற்றப் போவாள். ஒரிசாவிலிருந்து வந்தவர்கள். நாங்கள் எல்லாரும் அவர்களை இந்திக்காரர்கள் என்போம். அவர்கள் பாஷை இந்தி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை நடக்கப் பழகும் முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. "டீச்சர், இவன் சும்மா சும்மா நுள்ளுதான்" என்று அது புகார் சொன்னால், முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவர்கள் கோமதியம்மன் தெருவில் பிறந்த பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம் வரைக்கும் நெற்றியில் கோவில் புற்றுமண்ணோடு வகுப்புக்கு வந்தது. அதைப் பார்த்து, கோவில் பக்கமே போகாத கிறிஸ்தவ வேதக்காரி நான், அன்றைக்கு ஒரு கதை முழுக்கக் கேட்டேன். சப்பரம் எப்படித் திரும்பியது, கூட்டத்தில் செருப்பு எப்படிப் போனது, எல்லாம்.

அணிவகுப்புக்குப் பட்டியல் போட்ட அன்றைக்கு அந்தப் பிள்ளை என் மேஜைக்கு வந்தது.

"டீச்சர், நான் தமிழ்நாடா நிக்கட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல்முறையாக ஒரு வெளி மாநிலத்துக்கு அசல் ஆள் கிடைத்திருக்கிறது என்று காலையில்தான் தலைமையாசிரியையிடம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

"நீ எப்படிட்டி தமிழ்நாடு ஆவே? ஒனக்குன்னு சொந்தமா ஒரு மாநிலம் இருக்குல்லா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "எனக்கு அங்கன யாரையும் தெரியாது டீச்சர்" என்றது.

"தெரியாட்டா என்ன, ஒங்கம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கோ" என்று சொல்லி, பட்டியலில் ஒரிசாவுக்கு நேரே அதன் பெயரை எழுதினேன். தமிழ்நாட்டை மருந்துக்கடைக்காரர் மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு முடி நீளம்.

மறுநாளே அம்மாக்காரி தன் கல்யாணச் சேலையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். சிவப்புச் சேலை, கரையில் நூலிலேயே சங்கும் சக்கரமும் விழுகிற மாதிரி நெய்தது. இத்தனை வருஷம் தறிச் சத்தத்துக்குள் குடியிருக்கிற எனக்கே அதை எப்படி நெய்தார்கள் என்று பிடிபடவில்லை. "கல்யாணம் சேலை டீச்சர். பாப்பாக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் செய்தது சரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் அவள் பள்ளிக்கே வந்து அந்த இரண்டு வரியை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா பேசுவது பிள்ளைக்குப் புரியும், பதில் மட்டும் தமிழில்தான் வரும். வீட்டிலும் அப்படித்தானாம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அன்றைக்கு எங்கள் சிறப்பு விருந்தினர் ஒரு உரக்கடை அண்ணாச்சி. சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர் நம்முடையது, ஒற்றுமையை வெளியூர்க்காரன் நமக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று அவர் பேசி முடித்ததும் அணிவகுப்பு தொடங்கியது. பஞ்சாபின் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கேரளா சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னது. ஒரிசா வந்து மைக்கைப் பிடித்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்று முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். என் வாயில் அது என்னவாக வந்ததோ, பிள்ளைக்கு இன்னும் குழம்பிப் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்து, மைக்கை மூடத் தோன்றாமல், "மறந்துட்டு டீச்சர்" என்றது. அந்தச் சேலையில் நின்றுகொண்டு அது பேசிய அச்சு அசல் நெல்லைத் தமிழைக் கேட்டு மைதானமே சிரித்தது.

அந்த இடத்தில் நான் பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மைக்கைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. வாங்கினேன். "பாத்தீங்களா, சொந்தப் பாஷையே மறந்து போச்சு. நம்ம ஊருச் சோறு அப்படி!" என்றேன்.

நான் வாங்கியதிலேயே பெரிய கைதட்டு அதுதான். உரக்கடை அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். கடைசி வரிசையில் நின்ற அம்மாக்காரியும் கை தட்டினாள். நான் சொன்னது அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எல்லாரும் தட்டுகிறார்கள், மேடையில் நிற்பது தன் மகள், அதனால் தட்டினாள். பிள்ளைக்குத்தான் எல்லாம் புரிந்தது. அம்மா தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. கொடியோடு தமிழ்நாடு வந்தபோதும் நிமிரவில்லை. நான் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றுக் கதையைச் சொல்லி வீட்டுக்காரரையும் சிரிக்க வைத்தேன்.

உறைத்தது கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். நானும் வீட்டுக்காரரும் தென்காசிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே நல்ல மனுஷர் ஒருத்தர், தன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே வந்தார். என் வெறும் நெற்றியையும் பையிலிருந்த வேதப்புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "நீங்களும் நம்ம ஆளுகதான். வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு இடையில கொஞ்சம் வெளிய போயிட்டீக. எப்ப திரும்பி வாரீக?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தமாஷ்தான். பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய முறுக்கு என் கையில் இருந்தது.

நான் எங்கே போனேன், திரும்பி வருவதற்கு? கடையநல்லூர் தாண்டுகிற வரைக்கும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், கடைசி வரிசையில் கை தட்டிக்கொண்டு நின்றவள் ஞாபகத்துக்கு வந்தாள். அவர் என்னிடம் சொன்னதும் நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னதும் ஒன்றேதான். அவர் பத்துப் பேர் முன்னால் சொன்னார், நான் ஊர் முன்னால் மைக் வைத்துச் சொன்னேன். அவர் முறுக்காவது கொடுத்தார்.

விடுமுறை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கேட்க வைத்தே பழக்கம். அதற்குப் பதிலாக, அடுத்த ஆகஸ்டுக்கு அந்தப் பிள்ளையையே தமிழ்நாடாக நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அதன் முகம் எப்படி மலரும் என்று கற்பனைகூடச் செய்து வைத்திருந்தேன். அந்தக் கற்பனையிலும் பெருந்தன்மையாக நடுவில் நின்றது நான்தான்.

போன வருஷம் பட்டியல் போடும் நாள் வந்தது. பிள்ளை எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதால் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். நேராகச் சொல்லியிருக்கலாம். அது மறுபடியும் கேட்க வேண்டும், நான் சரி என்று கொடுக்க வேண்டும், எனக்கு அந்த ஆசை விடவில்லை.

"நீ எந்த மாநிலமா நிக்கே?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"ஒனக்கு எது பிடிக்கும்னு சொல்லு மக்கா."

"எதுன்னாலும் சரிதான் டீச்சர். நீங்க சொல்லுத எடத்துல நிக்கேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. எழுதச் சொன்னால் எழுதுகிற, உட்காரச் சொன்னால் உட்காருகிற நல்ல பிள்ளையின் குரல். அந்தக் குரலைப் பிள்ளைகளிடம் உண்டாக்கத்தான் நான் இருபது வருஷம் பாடுபட்டிருக்கிறேன்.

"தமிழ்நாடு" என்றேன்.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கியது. முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோஷப்படும் என்று நினைத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான்.