எட்டாவது சிப்பி

வாயில் மிச்சமிருக்கும் என் சொந்தப் பற்கள் நான்கின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நம்பாதவர்கள் ஸ்காபரோவுக்கு வாருங்கள், சிப்பிகளைக் காட்டுகிறேன். எட்டும் என் சமையலறை யன்னலில், ஒரு யோக்கட் டப்பாவுக்குள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது ஏரி. அதில் உப்பில்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டும்.

என்னிடம் உலோகம் தேடும் மெஷின் ஒன்று உண்டு. எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மகன் கிருபன் வாங்கித் தந்தது. வீட்டில் இருந்து மருமகளுக்குச் சமையல் படிப்பிக்காமல் வெளியே போகட்டும் என்ற நல்லெண்ணம். அதுவரை நான் கண்டெடுத்த புதையல், நாற்பத்து மூன்று பியர் மூடிகளும் ஒரு கரண்டியும்.

எட்வேட் என் கூட்டாளி. அவன் மனைவி யூஜினி 2023 ஏப்ரலில் புற்றுநோயில் போய்விட்டாள். அதற்கு முந்திய கோடையில், உயர்மின் கம்பிகளுக்குக் கீழே அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்தில் வெங்காயம் கிண்டும்போது, மெலிந்த விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது. பனி கொட்டும்வரை வெறும் விரலால் தேடினாள். இரண்டு தரம் கிண்டுவாள், ஒரு நிறுத்தம். மூச்சு வாங்குவாள். மறுபடி இரண்டு. “எடுத்து என்ர கல்லறையில வையுங்கோ” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

எட்வேட்டும் நானும் மெஷினோடு மூன்று கிழமை நடந்தோம். உலோகம் இருந்தால் கத்தும் மெஷின் ஒருமுறையும் கத்தவில்லை. அவன் சாப்பாட்டைக் குறைத்தான். பேச்சைக் குறைத்தான்.

“மச்சான், நாளைக்கும் ஒண்டும் கத்தாட்டில் விடுவம். நான் இனிக் கட்டிலால எழும்பமாட்டன்.”

சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள். 2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3:50க்குத் தோட்டத்தில் இறங்கினோம்.

3:58. பீப்!

எட்வேட் முழங்காலில் விழுந்து தோண்டினான். அரைச் சாண் ஆழத்தில் ஒரு கடல் சிப்பி. அதன் கீழே கறள் பிடித்த ஆணி.

“உது எப்பிடியடாப்பா இஞ்ச வந்தது?”

“ஐஸ் காலத்தில இஞ்ச கடல் கிடந்ததாம்” என்றேன்.

“ஐஸ் காலத்தில ஆணி அடிச்சவங்களோ?”

சிரித்தான். ஏழு மாதத்தில் முதல் தடவை.

4:06. இன்னொன்று. 4:11. இன்னொன்று. ஒவ்வொரு சிப்பிக்குக் கீழேயும் ஓர் ஆணி. எட்வேட்டின் முகத்தில் களை திரும்பியது.

“அவள் பாசையூர்க்காரியடா. கடற்கரையில வளந்தவள். வழி காட்டுறாள்!”

4:37க்கு ஏழாவது. வெளிச்சம் மங்கிவிட்டது.

“ஏழு காணும், எட்வேட். போவம்.”

மெஷினை நிறுத்திக் கையில் தூக்கினேன். நிறுத்தினேன் என்பதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

4:44.

நிறுத்திய மெஷின் கத்தியது.

பீப் இல்லை. நீளமாக... தாழ்வாக... ஊஊம்...

எட்வேட் அந்த இடத்திலேயே தோண்டினான். சிப்பி இருந்தது. ஆணி இல்லை.

சிப்பி நனைந்திருந்தது. நாக்கில் வைத்தான்.

“உப்பு.”

அப்போதுதான் பார்த்தேன். குழியின் அடி மண் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக... கீழ்நோக்கி...

யாரோ அடியிலிருந்து அள்ளுவதுபோல.

சரக்... சரக்...

நிறுத்தம்.

சரக்... சரக்...

நிறுத்தம்.

யாரோ மூச்சு வாங்கினார்கள். எட்வேட் இல்லை. நானும் இல்லை.

எட்வேட் குழிக்குள் காதை வைத்தான்.

“எழும்படா. போவம்.”

“அவளுக்குக் கிடைக்கேல்லை, மச்சான்...”

சரக்...

“அவள் இன்னும் தேடுறாள்.”

4:52.

அவனைத் தூக்கிக் காரில் போட்டு வீட்டில் விட்டேன். அதன்பின் அவன் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கட்டிலை விட்டு இறங்கவும் இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் விடிய 5:20க்கு அவன் மகள் கிளடிஸ் போன் எடுத்தாள்.

“அங்கிள்... அப்பா போயிட்டார்.”

நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தேன்.

“ரெண்டு கிழமையா ரூமை விட்டு வெளிய வரேல்லை, அங்கிள். நகமெல்லாம் ஈர மண். எப்பிடி?”

மோதிரம் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே கல்லறையில், அது இல்லாமலே கிடக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் தோட்டத்தை மூடிக் கல் கொட்டிவிட்டார்கள். இனி யாரும் தேட முடியாது. மேலிருந்து முடியாது.

சிப்பி எப்படி வந்தது என்று இன்னும் கேட்கிறார்கள். மண்ணுக்குப் பசளையாக யாரோ போட்டதாம், இது பக்கத்துத் தோட்டத்துக் கோணேஸ்வரி ரீச்சர். கடற்பறவை கொண்டுவந்ததாம், இது கிருபன். ஆணியையும் பறவைதான் கொண்டுவந்ததா என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

டொலர் கடையில் சிப்பி வாங்கி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆணி வைத்து, அன்று காலை அந்தத் தோட்டத்தில் புதைத்தது நான்தான். ஏழு.