ஒழுகிய கிரகணம்

கணினித் திரையில் ஒன்றும் வராதபோது நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். கிடைத்த வேலையும் அப்படித்தான் அமைந்தது. கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய் இணைய இணைப்பைச் சரிசெய்கிறேன். "ஏனுங்க தம்பி, காத்தால இருந்து சுத்தீட்டே இருக்குதுங்க" என்று வீட்டுக்காரர்கள் அந்த வட்டத்தைக் காட்டுவார்கள். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, பையனுக்குத் தொழிலில் எவ்வளவு அக்கறை என்று மெச்சி ஒரு காபி கொடுப்பார்கள். அக்கறையாவது ஒன்றாவது. அது பழைய பகை.

பகை தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், கடைசி வீடு எங்களுடையது. வீடு என்பது மரியாதைக்கு. இரண்டு காம்பராவும் ஒரு தகரக் கூரையும். அறையை நாங்கள் காம்பரா என்போம். கப்பலில் வந்த சாமான்களில் உடையாமல் மிஞ்சியது அந்தச் சொல் ஒன்றுதான் என்று அப்பா சொல்வார். கூரையில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் ஏராளம். மழைக்காலத்தில் எந்த ஓட்டைக்குக் கீழே எந்தப் பாத்திரம் என்பது எனக்கு மனப்பாடம். சாமி படத்துக்கு முன்னால் ஒழுகுவதற்கு மட்டும் பித்தளைச் செம்பு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி அறை இருந்தது. கணினிகளுக்கு உறை இருந்தது. உறைக்குத் தூசி தட்ட ஆளும் இருந்தது. தொடுவதற்கு மட்டும் அனுமதி இல்லை. அறிவியல் சார் வந்த பிறகுதான் உறை கழன்றது. ஊர்ப் பெயரைத் தட்டினால் நம் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைக் காட்டும் தளங்கள், பூமியின் வயிற்றை அறுத்துக் காட்டும் தளங்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். நான் விழுந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. ஒரே மாதத்தில் லயம் முழுவதும் என்னை விஞ்ஞானி என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பட்டம் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரிக்கு மேலே மின்னுவது வியாழன் கோள் என்று லயத்தையே வாசலில் நிறுத்தி விளக்கினேன். அது செல்போன் டவரின் உச்சி விளக்கு.

என்னைக் கேலி செய்யாமல் கேட்ட ஒரே ஆள் சித்தி. கேலி செய்யாமல் என்பதும் முழு உண்மை இல்லை. இந்தியா நின்ற இடத்தில் நிற்கவில்லை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்கிறது என்று நான் சொன்னபோது, "அப்ப சும்மா உக்காந்துக்கிட்டே டெல்லி போயிரலாம்னு சொல்லு" என்றாள். டெல்லியும் சேர்ந்து நகரும் சித்தி என்றேன். "அதானே பாத்தேன். நமக்குன்னா எல்லாம் கூடவே தள்ளித் தள்ளிப் போகும்."

சித்தி என் அம்மாவின் தங்கை. யாரிடமும் சொல்லாமல் ஒரு லாரி டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கேரளாப் பக்கம் போனவள், எட்டு மாத வயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பா லாரியோடு எங்கோ வடக்கே போயிருந்தார். அம்மா அவளுக்குச் சோறு போட்டாள், காலுக்குத் தைலம் தேய்த்தாள், முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை. ஏழாம் மாதம் போட்டிருக்க வேண்டிய வளைகாப்பையும் போடவில்லை. "கல்யாணத்துக்கு நாங்க தேவப்படல, வளையலுக்கு மட்டும் எதுக்காம்?" என்று சட்டி பானைகளிடம் சொல்வாள். சட்டி பானைகளுக்குப் பக்கத்தில்தான் சித்தி உட்கார்ந்திருப்பாள். லயத்தில் மற்றப் புள்ளைத்தாச்சிகள் நடந்தால் கை நிறையக் கண்ணாடி வளையல் கிலுகிலுக்கும். சித்தி வந்து பின்னால் நின்றால்கூடத் தெரியாது.

அந்த டிசம்பரில்தான் வளையச் சூரிய கிரகணம் வந்தது. தளத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினேன். வளையம் முழுதாகத் தெரியும் பாதை, ஒரு கோடாக, எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மேலேயே போனது. உலகத்தில் எத்தனையோ பெரிய ஊர்கள் இருக்க, சூரியன் எங்கள் லயத்தைத் தேடி வருகிறது! எதையெல்லாம் படிக்க முடியுமோ அதையெல்லாம் படித்தேன். அட்டையில் ஓட்டை போட்டுக் கிரகணம் பார்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் இருந்தது. அதை மட்டும் தாண்டிவிட்டேன். அட்டையில் ஓட்டை போடுவது ஒரு விஞ்ஞானி செய்கிற வேலையா?

நான் கேட்டுக் கேட்டும் அம்மா வாங்கித் தராத, கிரகணம் பார்க்கும் கறுப்புக் கண்ணாடிகள் பள்ளிக்கூடத்துக்கே ஒரு பெட்டி நிறைய வந்திறங்கின. மைதானத்தில் நின்று வளையத்தைப் பார்ப்பது, பிறகு கண்ணாடியோடு மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடுவது, கடித்த பிஸ்கட் மாதிரி மிச்சம் இருக்கும் சூரியனைச் சித்திக்குக் காட்டுவது என்று திட்டம் போட்டேன்.

"நெசமாவே காட்டுவியாடா விஞ்ஞானி?"

"சத்தியமா சித்தி."

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கோ கடல் தாண்டிய பாலைவனத்திலிருந்து கிரகணத்தை நேரடியாக ஒளிபரப்பும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து, பெருமை தாங்காமல் அறிவியல் சாரிடம் காட்டினேன். அவர் தலைமையாசிரியரிடம் காட்டினார். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டினார்.

"அருமை தம்பி! இனிப் புள்ளைங்க வெளியவே போக வேண்டியதில்லைங்களே!"

புரிகிறதா? கதவைத் திறந்தால் சூரியன். ஆனால் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, அதே சூரியனை, பாலைவனம் வழியாக, பனிமஞ்சு இறங்கினாலே மயங்கி விழும் எங்கள் பள்ளிக்கூட இணையத்தில் பார்க்க வேண்டும். கண் கெட்டால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். கண்ணாடிப் பெட்டி அவர் அறையில் பத்திரமாக இருந்தது. வகுப்பறை ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டச் சொன்னார்கள். மைதாப் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்?

கிரகணத்தன்று அரையாண்டு விடுமுறை. ஆனாலும் எட்டு மணிக்கே எல்லோரும் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. நான் கிளம்பும்போது வீட்டில் இன்னொரு ஜன்னல் அடைபட்டுக்கொண்டிருந்தது. கிரகண வெளிச்சம் புள்ளைத்தாச்சி மேல் படக்கூடாது என்பது எங்கள் லயத்தில் சட்டம். வேலைக்கு லீவு போட்டிருந்த அம்மா உள் காம்பரா ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள், கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்தாள், சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தாள். கூரையை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் கூரையைப் பார்ப்பது மழைக்கு மட்டும்தான்.

"இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. இன்டர்நெட்ல போட்டிருக்கு."

"உன் இன்டர்நெட்டா புள்ள பெத்துக்கப் போகுது? போடா பேசாம."

சித்தி உள்ளே போனாள். கதவு சாத்தும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவளைப் பூட்டிய அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தோடு பள்ளிக்கூடம் போனேன். அங்கே என்னைப் பூட்டினார்கள்.

திரையில் பாலைவனம் தெரிந்தது. ஒரு தொலைநோக்கி தெரிந்தது. தொப்பி போட்ட ஒருவர் வாயைத் திறந்தார். அவ்வளவுதான். அவர் திறந்த வாயோடு உறைந்து நிற்க, அவர் மூக்குக்கு மேலே அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் யாரோ, "டேய், வளையம் வந்துருச்சுடா!" என்று கத்த, வகுப்பே கைதட்டியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமையாசிரியரும் திரையைப் பார்த்து, "பாத்தீங்களா, எத்தனை தெளிவா வருது!" என்று தானும் தட்டினார். பிறகு வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழே வரும் வெளிச்சம் ஒரு தினுசாக மங்கியது. காலை நேரத்தில் சில்வண்டுகள் கத்தத் தொடங்கின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போய், செய்தித்தாளில் சிரித்துக்கொண்டிருந்த ஓர் அரசியல்வாதியின் மூக்கைச் சுரண்டி, ஓட்டை வழியாகப் பார்த்தேன். அது மேற்கு ஜன்னல். சூரியன் தெரியவில்லை, மைதானம் தெரிந்தது. சமவெளியிலிருந்து வேனில் வந்தவர்கள் முக்காலிகளும் கேமராக்களுமாக நின்றார்கள். அத்தனை பேர் கண்ணிலும் எங்கள் பெட்டிக் கண்ணாடிகள். நடுவில் எங்கள் தலைமையாசிரியர், அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார். திடீரென்று எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

நான் கதவை இடித்தேன். காலால் உதைத்தேன். வெளித்தாழ் போட்டிருந்தது. அறிவியல் சார் வந்து என் தோளைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உக்காருப்பா. எனக்குந்தான் பாக்கோணும்னு இருக்குது" என்றார். அவரையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

முழுக் கிரகணமும் விலகிய பிறகே கதவைத் திறந்தார்கள். சூரியன் ஒன்றும் நடக்காததுபோல் முழுசாக நின்றது. ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். நான் அதை மைதானத்தில் எறிந்துவிட்டு ஓடினேன். (திரும்பி வந்து பொறுக்கிக்கொண்டு ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.)

வீட்டில் சித்தி வெளியே வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் பையை விட்டெறிந்தேன்.

"ஒண்ணும் பாக்கலியாடா?" என்றாள் சித்தி. "நான் பாத்துட்டேனே."

"பொய் சொல்லாத. இருட்டு காம்பராக்குள்ள என்னத்தப் பாத்த?"

"வளையம்தான். ஒண்ணு இல்லடா, எத்தனையோ. மழைக்குச் சட்டி வைப்போம்ல, அதுக்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளித் தரை பூரா கெடந்துச்சு. லேசா நசுங்கின மாதிரி. பாய் மேல, போர்வை மேல, என் வயித்து மேலகூட."

வயிறு என்றதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் கத்தினேன். ஒரு சூரியனுக்கு ஒரு வளையம்தான், அது வானத்தில்தான் வரும், தரையில் உருண்டு கிடக்க அது என்ன முறுக்கா, எல்லாம் தளத்தில் போட்டிருக்கிறது, படிக்காத ஆளிடம் என்ன பேச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். காலையிலிருந்து தலைமையாசிரியரிடம் காட்ட முடியாத கோபத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே.

சித்திக்குக் கோபம் வரவில்லை. ஈரக் கையை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"இப்பிடி நீட்டுனேன்டா. ஒண்ணு வந்து சரியா மணிக்கட்டுல உக்காந்துச்சு." பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "கைய எடுக்க மனசே வரலக்கா. அதுவா போயிருச்சு."

மழைக்கு ஒழுகும் கூரை வெயிலுக்கும் ஒழுகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. ஆணி ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு சூரியனைக் கீழே இறக்கும். மேலே சூரியன் வளையமாக நின்றால் தரையெல்லாம் வளையமாக விழும். நான் தாண்டிப்போன அந்த அட்டைப் பக்கத்தில் இருந்தது இதுதான். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள்தான் தற்செயலாக அதைப் படித்தேன். வேனில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வளையம். பூட்டி வைத்த சித்திக்கு ஒரு காம்பரா நிறைய.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அம்மா சொம்பைக் கீழே வைத்ததுதான். சித்தியைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, கிடைத்த ஜீப்பில் பந்தலூர் பஜாருக்குப் போனாள். வயிற்றில் வெளிச்சம் பட்டதற்குப் பரிகாரமாகக் கோயிலுக்குத் தேங்காய் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவள் கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். ஒரு மாதமாகக் கரடியாகக் கத்தியும் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தராத அம்மா, வீட்டுக்குள் படுத்துக்கொண்டு பொய் சொன்ன சித்திக்குப் பெட்டி நிறைய வளையலா? வாசற்படியில் போய் உட்கார்ந்து, அவர்கள் இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டேன். உள்ளே வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம் கேட்டது. "வலிக்குதாடி?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. சித்தியிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு இரண்டு பேரும் விசும்புகிற சத்தம்.

அந்த வீட்டில் அன்றைக்கு அழ வேண்டியவன் நான். எதையும் பார்க்காதவன் நான். இவர்கள் இரண்டு பேரும் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.