பாறணைச் சோறு தின்ற ஆமை

இந்த மாரிக் குளிரில் என் காலைகள் ஒரு சட்டி கொதிதண்ணீரோடு தொடங்கின. வேலைக்கு வெளிக்கிடும் முன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வேலிப் பலகை ஒன்று கழன்ற இடத்தால் பக்கத்து வளவுக்குள் நுழைவேன். அங்கே உறைந்து கிடக்கும் சிறு குளத்தின் மேல் சட்டியை வைத்துவிட்டு, அடிச்சூட்டில் ஐஸ் கரைந்து வட்டமாகத் துளை விழும்வரை காத்து நிற்பேன். ஐஸைக் கல்லால் உடைக்கக் கூடாது. அந்த அதிர்வு அடியில் சேற்றுக்குள் உறங்கும் ஆமைக்குக் கேடு. துளை இல்லாவிட்டாலும் கேடு, கெட்ட காற்று வெளியேறாது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விசர் பிடித்து எழுதுவதாகத் தோன்றும். லண்டன் மோர்டனில் என் பின்வளவுக்கு அடுத்த வளவில், ஆமைக்கு மூச்சு விட வழி செய்துகொடுத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடக் குசினியில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிக்கப் போனேன்.

ஆமைகள் என்னுடையவை அல்ல, டொரத்தியுடையவை. டொரத்திக்கு எண்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. கணவர் ஃபிராங்க் இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவர் தோண்டிய குளமும், அவர் கொண்டுவந்து விட்ட இரண்டு ஆமைகளும்தான் மிச்சம். ஆணுக்கு ஆல்ஃபி என்று பெயர், பெண்ணுக்கு மே. போன ஐப்பசியில் டொரத்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கட்டிலில் சுருங்கிப் போய்க் கிடந்தாள். திரும்ப நடக்கப் பழக்குவதற்கு வந்த பிள்ளை, "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டதாம். கடைக்குப் போக, தேவாலயத்துக்குப் போக என்று மற்றவர்கள் சொல்வார்கள். "வசந்தத்தில் என் ஆட்கள் இரண்டும் மேலே வருவதை என் வளவில் நின்று பார்க்க வேண்டும்," என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் அந்த வலியோடு ஒவ்வொரு அடியாக வைத்தாள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி என்னைத்தான் கேட்டாள். சட்டி வைக்கும் முறையைச் சொன்னாள். பிறகு, "சாப்பாடு ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை," என்றாள்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். நாங்கள் வளர்ந்த முறையில் முதல் தரம் சொல்லும் 'வேண்டாம்' ஒரு பேச்சுக்குச் சொல்வது. வீட்டுக்கு வந்தவர் "ஐயோ வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறன்" என்பார். நாங்கள் சோற்றுக் கோப்பையை எடுத்து வைப்போம். மூன்று தரம் மறுத்த பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார். அவர் வேண்டாம் என்றார் என்று சும்மா இருந்துவிட்டால் அந்தக் கதை ஏழு வருஷத்துக்கு ஊரில் நிற்கும். ஆகவே டொரத்தி சொன்னதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பாவம், எனக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆங்கிலேயர் தேவையில்லை என்றால் தேவையில்லைதான் என்பது இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடித்தேன். ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணைக்குச் சோறும் பருப்பும் மரக்கறிகளும் சமைத்து, படைத்து, காகத்துக்கு வைக்க வேண்டிய சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லண்டனில் காகம் இல்லாமல் இல்லை. கூப்பிட்டால்தான் வராது. எங்கள் வளவில் வைத்தால் எலி வருகிறது என்று இவர் சத்தம் போடுவார். இவர் என்றால் என் கணவர், பஸ் ஓட்டுகிறார். எலியைப் பற்றிக் கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம் வந்த பிறகு ஒரு பருக்கை நிலத்தில் விழ விடமாட்டார். எனவே டொரத்தியின் குளத்தோரக் கல்லில் வைத்தேன். கார்த்திகை பிறக்கப்போகிறது, ஆனால் அன்று புதுமையாக வெயில் எறித்தது. "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், தண்ணீரை விலக்கிக்கொண்டு ஆல்ஃபி தலையைத் தூக்கினான். கழுத்தை நீட்டிச் சோற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கல்லில் ஏறிச் சாப்பிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகனே வந்து சாப்பிட்டதுபோலச் சந்தோஷம். அந்த வெயில் பத்து நாள் நின்றது. பத்து நாளும் நான் சோறு கொண்டுபோனேன்.

பிறகு குளிர் ஒரேயடியாக இறங்கியது. மார்கழி தொடக்கத்தில் ஒரு காலை பார்த்தால், மெல்லிய ஐஸுக்குக் கீழே ஆல்ஃபி ஒருபக்கம் சரிந்து மிதக்கிறான். ஒரு கண் மூடியிருந்தது. கையில் எடுத்தேன், காலை உள்ளே இழுக்கவில்லை. லெஸ்டரில் வேலை பார்க்கும் மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, யூ ஃபெட் ஹிம்? இன் நவம்பர்? ஓ மை கோட், அம்மா!" என்றாள். ஐந்து நிமிஷத்தில் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடித்துத் தந்தாள். அன்று வேலைக்கு லீவு சொன்னேன்.

வைத்தியர் இளம் பெண். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது என்று கேட்டாள். விரதம் முடித்த நாளில் தொடங்கிப் பத்து நாள் சாப்பிட்டது என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஆமையா விரதம் இருந்தது?" என்று கேட்டாள். இல்லை, நான் என்றேன். அவள் சிரிக்காமல் விளக்கினாள். குளிரில் ஆமையின் வயிறு வேலை செய்யாதாம். உள்ளே இருக்கும் சாப்பாடு செமிக்காமல் பழுதாகி, உடம்பெல்லாம் நஞ்சாகிவிடுமாம். அதனால் இலை உதிரத் தொடங்கியதும் அவை தாமாகவே சாப்பாட்டை விட்டு, வெறும் வயிற்றோடு உறங்கப் போகுமாம். யோசித்துப் பார்த்தால் உண்மையான விரதகாரன் அவன்தான். அந்த விரதத்தை முறித்தவள் நான். வைத்தியர் ஊசி போட்டாள். மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும், விளக்கு வைக்க வேண்டும், வசந்தம் வரும்வரை மறுபடியும் குளிருக்குள் விடக் கூடாது என்றாள். "வீட்டுக்குள் வைத்திருங்கள்," என்று அவள் முடித்தபோதுதான் எனக்கு அடுத்த தலையிடி நினைவுக்கு வந்தது.

எங்களுக்குள் ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இவர் எடுப்பார். பஸ்ஸுக்குள் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறவர்.

"இஞ்சை பாரும், உம்மட ஆமையை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. வாசல்படி தாண்டி உள்ளுக்கை வரப்படாது. அவ்வளவுதான்."

"செத்துப்போகுமப்பா. டொரத்திக்கு நான் என்ன முகத்தோட பதில் சொல்லுறது?"

"அப்ப நீர் ஏன் சோறு வைச்சனீர்?"

கேட்டுவிட்டு அவரே மேலே போய், வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை கட்டியபோது கவுன்சில் தந்த கடிதத்தைத் தேடி எடுத்து வந்தார். அதில் அந்த அறை வீட்டின் வசிப்பிடமாகக் கணக்கில் எடுக்கப்படாது என்று இருக்கிறதாம். "கவுன்சிலே இதை வீடெண்டு சொல்லேல்லை. அங்கை வையும்," என்றார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, விளக்கைக் கட்டி, ஹீற்றர் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஆல்ஃபியைக் கண்ணாடி அறையில் குடியேற்றினோம். மே மட்டும் குளத்தின் அடியில் உறங்கினாள். என் சோற்றுக்கு அவள் மேலே வரவே இல்லை. அவளுக்காகத்தான் காலையில் சட்டி.

ஒவ்வொரு ஞாயிறும் டொரத்தியை வைத்திருந்த பராமரிப்பு இல்லத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். "என் ஆட்கள் எப்படி?" என்பாள். "உறங்குகிறார்கள்," என்பேன். பாதி உண்மை. அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். அந்த மனுசிக்கு நான் பொய் சொல்லலாமா? முப்பது வருஷத்துக்கு முன் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எங்களுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு மனிதரைத் தெரியாது. இவருடைய அகதி வழக்குக்கு இருவரும் போக வேண்டிய நாளில், குழந்தையைப் பார்க்கிறேன் என்ற ஆள் வரவில்லை. அழுதுகொண்டு வாசலில் நின்றேன். டொரத்தி இரவு உடுப்போடு வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், ஒன்றும் இல்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது பிள்ளை வாழைப்பழம் தின்று, கழுவித் துடைத்து, ஃபிராங்கின் மடியில் நித்திரையாக இருந்தாள். என் பிள்ளையை அவள் அப்படிப் பார்த்தாள். அவளுடையதை நான் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

தை மாதம் குளிர் இன்னும் மோசமானது. ஹீற்றரை எவ்வளவு கூட்டினாலும் கண்ணாடி அறை சூடாகவில்லை. ஆல்ஃபி சாப்பிடுவதை விட்டுவிட்டு, மறுபடியும் ஒருபக்கம் சரியத் தொடங்கினான். ஒரு நாள் மூன்று மணிக்கு வேலை முடிந்து, இன்றைக்கு இவரோடு சண்டை பிடித்தாவது அவனை உள்ளே எடுப்பது என்று நினைத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறேன். முன் அறையில், சூடு தரும் ரேடியேற்றருக்குப் பக்கத்தில், சாமிப் படங்களுக்கு நேர் கீழே தொட்டி இருக்கிறது. விளக்கு எரிகிறது. இவர் பஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்.

நான் வாய் திறக்கும் முன் அவரே தொடங்கினார். "தானா நுழைஞ்சு உள்ளட்டாத்தான் கூடாது. இது நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தது. கூப்பிட்டு வந்த ஆளுக்குத் தோஷமில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "எங்களை இந்த நாட்டுக்கு ஆரப்பா கூப்பிட்டது? நாங்கள் தானா உள்ளட்ட ஆக்கள்தானே?"

அவர் லொறிக்குள் ஒளிந்து வந்தவர். இரண்டு வருஷம் கழித்து நான் வேறொருத்தியின் பாஸ்போட்டில் வந்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார், ஆல்ஃபியைப் பார்த்தார். "ஓம்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆமை தோஷமாக இருக்கவில்லை. வேலையால் வந்ததும், "தம்பி இண்டைக்குச் சாப்பிட்டவரோ?" என்று கேட்பார். மகளுக்கும் அதை, தன் சொந்தப் பிள்ளை சாப்பிட்டதுபோல ஃபோனில் சொல்வார். மாசியில் ஆல்ஃபி நேராக நீந்தினான். நாங்கள் சாப்பிட இருந்தால் கழுத்தை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். வைத்தியர் சொன்ன கீரையும் புழுவும் தவிர ஒரு பருக்கை கொடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய விரதமாக இருந்தது.

சித்திரையில் டொரத்தி நடைவண்டியைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். வெயில் எறித்த ஒரு சனிக்கிழமை குளத்தடியில் கதிரை போட்டு இருத்தினோம். மே ஏற்கனவே மேலே வந்து கல்லில் காய்ந்துகொண்டிருந்தாள். டொரத்தி அவளைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "ஆல்ஃபி?" என்று கேட்டாள். நான் அவள் காலடியில் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாறணை, காகம், பத்து நாள் சோறு, ஞாயிறுதோறும் சொன்ன பொய். மன்னித்துக்கொள் என்றேன். இவர் ஆல்ஃபியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பலகை கழன்ற இடத்தால் வந்தார்.

டொரத்தி என்னைத் திட்டவில்லை. ஆல்ஃபியை மடியில் வாங்கி, அவன் முதுகோட்டைத் தடவினாள். "மாரி முழுக்க உங்கள் வீட்டுக்குள்ளா இருந்தான்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "குளிர் வந்தால் இவர்களை உள்ளே எடுப்போம் என்று ஒவ்வொரு வருஷமும் ஃபிராங்கிடம் கேட்பேன். ஆமையை யாராவது வீட்டுக்குள் விடுவார்களா என்று ஒருநாளும் சம்மதிக்கவில்லை." இதைக் கேட்டதும் இவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. டொரத்தியும் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கையை எடுத்து, சுருங்கிய தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

ஆல்ஃபியைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கி விட்டேன். பின்னங்கால்கள் குளத்துக்குள் இருந்தன. முன்னங்கால்களைக் கல்லில் ஊன்றி, கழுத்தை நீட்டி, வேலிக்கு அப்பால் எங்கள் குசினிக் கதவையே பார்த்தான். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் ஏறவில்லை. பாவமாக இருந்தது. மெதுவாகத் தள்ளிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"தள்ளாதே," என்றாள் டொரத்தி. "அவனுக்கு ஒரு நிமிஷம் கொடு."

கையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். ஒரு கால் ஊரிலும் ஒரு கால் இங்கேயுமாக நின்ற எனக்கும் இந்தத் தெருவில் அப்படி ஒரு நிமிஷம் கிடைத்தது. முப்பது வருஷமாகிறது, ஒருவரும் என்னைத் தள்ளவில்லை. அந்த நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை.