மறுபடியும் மொழி கேட்ட கம்ப்யூட்டர்கள்

திருப்புளி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கம்ப்யூட்டர் ரிப்பேருக்குத் திருகாணி கழற்றுகிற திருப்புளி எந்நேரமும் சட்டைப்பையில் செருகியிருப்பதைப் பார்த்துப் பெரியப்பா மகன் வைத்தது. வைத்தவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. பெயர் போகவில்லை.

நூலக அலுவலகத்தின் ஆறு பழைய கம்ப்யூட்டர்களுக்கும் புது சிஸ்டம் ஏற்ற அவரைக் கொண்டுவந்தவள் அங்கே எழுத்தராக இருக்கும் அவருடைய மூத்த அக்காவின் இரண்டாவது மகள். "எங்க மாமா முடிச்சுக் குடுத்துடுவார்" என்று நூலகரிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்று ஒரு மணிக்குள் முடியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடப்போவதாக நூலகர் சொல்லிவிட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஆறிலும் சிடி போடுகிற வாய் பழுது. அதனால் பக்கத்து அறைப் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து வயர் வழியாக ஏற்றினார். இப்படி ஏற்றுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. நடுவில் கழன்றுவிடக் கூடாதென்று ஒவ்வொரு வயரையும் டேப் போட்டு ஒட்டினார். முக்கால் மணி நேரம் ஓடும், நூறு சதவீதம் காட்டும், அணைந்து எழும். எழுந்ததும் பழையபடி, ஏற்றத் தொடங்கும்போது கேட்கிற முதல் கேள்விக்கே போய், என்ன மொழி வேண்டும் என்று கேட்கும். மெமரியை மாற்றினார், தூசி ஊதினார். மறுபடியும் மொழி கேட்டது.

"மாமா, இது உங்களை வச்சு விளையாடுதா?"

"எனக்கே புரியலம்மா. நல்லாத்தான் போகுது, அப்புறம் எல்லாத்தையும் மறந்துடுது."

பதினொன்றரைக்குப் பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் மாட்டி ஓரத்து வயர் டேப்போடு பிடுங்கிக்கொண்டது. சரியாக அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து எழுகிற நேரம்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று திருப்புளி பாய்ந்தார்.

"மேசைக்கடியில வலை பின்னி வச்சா நான் எப்படிப் பெருக்கறது?"

இருவரும் மல்லுக்கு நிற்கையில் அக்கா மகள் அவர் தோளைத் தொட்டாள். அந்தக் கம்ப்யூட்டர் மொழி கேட்கவில்லை. புது சிஸ்டத்தோடு எழுந்து நின்றது.

வயர் போனதும் எப்படிச் சரியானது? திருப்புளி விழித்தார்.

"மாமா, சிடியில ஏத்துறப்ப நடுவுல அதை வெளிய எடுப்பீங்களே, எதுக்கு?"

"எடுக்கலைன்னா முதல்லேர்ந்து..." பாதியில் நிறுத்தினார். இருபது வருடமாகக் கை தானாகச் செய்த காரியம். சிடி இருந்த இடத்தில் இப்போது வயர். எழும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முதலில் பெரியதிடம் போய்க் கேட்கிறது, அதுவும் அலுக்காமல் முதலிலிருந்து கொடுக்கிறது. வயர் இல்லாவிட்டால்தான் தன்னிடம் ஏற்கெனவே ஏறியிருப்பதைப் பார்க்கிறது.

மற்ற ஐந்தையும் ஒன்றாக ஓடவிட்டு, அணையும் நேரம் பார்த்து வயரைக் கழற்றினார். பிறகு எழுந்ததும் தன் டிஸ்கையே முதலில் பார்க்கும்படி ஆறிலும் மாற்றி வைத்தார். ஒரு மணிக்கு நூலகர் வந்தபோது ஆறும் வேலை செய்தன.

"என்னதான் கோளாறு?"

"அது வந்துங்க, கோளாறுன்னு ஒண்ணுமே இல்லீங்க" என்றார் திருப்புளி.

நூலகர் குழம்பிப்போய் எழுத்தரைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே சார்" என்றாள் அவள்.