பிளேன் போகட்டும்

"உங்கம்மா கடைசியா உன்னப் பத்தி என்ன சொன்னான்னா..." என்று அப்பா ஆரம்பித்தபோது, எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு மேலே சிறிய விமானம் ஒன்று தாழப் பறந்தது. அப்பா கையைத் தூக்கினார்.

வீட்டுக்குப் பக்கத்துப் பழைய ஏர்போர்ட்டில் அவர் பெட்டி ஏற்றிய காலத்துப் பழக்கம் அது. விமானம் வந்தால் தகரக் கூரை அதிரும். "இரு, பிளேன் போகட்டும்" என்பார். சத்தம் ஓய்ந்ததும், விட்ட சொல்லிலிருந்தே என்னைத் திட்டுவதைத் தொடர்வார். அம்மா முந்தானைக்குள் சிரிப்பாள். பயணிகள் கூட்டம் பெருகி, இடம் போதாமல் ஏர்போர்ட் ஊருக்கு வெளியே தேவனஹள்ளிக்குப் போனது. எங்கள் தெருவில் பேச்சு அறுபடுவது நின்றது; எப்போதாவது ஒரு சிறிய விமானம் வருவதோடு சரி.

அம்மா இறந்தபோது நான் ஊரில் இல்லை. அப்பாவுக்கோ இப்போது ஞாபகம் நிலைப்பதில்லை.

சத்தம் ஓய்ந்து வெகுநேரமாயிற்று.

"பிளேன் போயிடுச்சுப்பா, சொல்லு."

தூக்கிய கை இறங்கவில்லை.

"இரு, இன்னும் போகல" என்றார்.