மூன்றாம் துண்டில் வந்த நாகம்

மாத்தளைக்குப் பக்கத்தில், யட்டவத்தயில், றிஸ்மியா அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். சொன்ன நாளில் சட்டை கிடைக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் கிடைக்காது.

அந்த வாரத்தில்தான் மாத்தளை டவுனில் உள்ள புத்தகக் கடைக்காரர் ‘இந்த மாதம் எதிர்பார்க்கப்படும் புதிய நாவல்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவார். அது வந்து விழுந்ததும் தையல் மெசின் நின்றுவிடும். பக்கத்தில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் நின்றதே போதும். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு நானும் ஓடுவேன். அக்கா எனக்குப் பட்டியலை உரக்க வாசித்துத் தீர்ப்பும் சொல்லுவார்.

“‘ஒரு கொலை, ஐந்து சந்தேக நபர்கள், பூட்டிய அறை.’ இது வேணாம் ஷெனாலி. அஞ்சு பேரெண்டு சொன்னா கொலகாரன் ஆறாவது ஆளுதான். ‘ஏழு கடல் தாண்டும் இளவரசன்.’ இவன் போன மாசமும் தாண்டினானே, இன்னமும் கரைக்கு வரல்லயா?”

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அதன் பிறகு ஒரு தையல் கடையில் வேலைக்குப் போனார். அந்தக் கடையில் கையும் கழுத்தும் அளவெடுத்து வெட்டிப் பார்ப்பது பழைய வாரப் பத்திரிகைத் தாள்களில். வெட்டி மிஞ்சிய தாளில் இருந்த தொடர்கதைகளைத்தான் அக்கா வாசித்து வளர்ந்தார். கதாநாயகி கிணற்றடிக்குப் போவாள், அதற்கப்புறம் சட்டைக்கை வெட்டிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை அக்காவே யோசித்து நிரப்பிக்கொள்வார். ஓட்டை இல்லாத கதையைத் தன் இருபத்திரண்டாவது வயதில்தான் முதல்முறை வாசித்ததாகவும், அது கொஞ்சம் சப்பென்று இருந்ததாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

புத்தகம் வாங்குவது ஒரு பிரதிதான், வாசிப்பது நாலு பேர். அக்கா, நான், ஓய்வு பெற்ற மார்ஜரி டீச்சர், பார்மசியில் வேலை செய்யும் நுஸ்லா. ஒருமுறை மார்ஜரி டீச்சர் ஒரு மர்ம நாவலைக் கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்துக்கொண்டார். கேட்டால், “மெதுவாத்தானே வாசிக்கணும், பிள்ளை” என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம். அடுத்த புத்தகம் வந்த அன்றே அதைக் கத்தரிக்கோலால் முதுகோடு நாலாகப் பிளந்துவிட்டார். ஒவ்வொரு துண்டையும் தடித்த ஊசி போட்டு மெசினில் அடித்து, மிஞ்சிய துணியில் உறை தைத்தார். கிழமைக்கு ஒரு துண்டு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை கைமாற வேண்டும். ஏழு கிழமையில் நாலு பேரும் முடித்துவிடுவோம். டீச்சர் ஒரு நாள் பிந்தினால் அவருடைய பிளவுஸும் ஒரு நாள் பிந்தும்.

அக்காவின் தங்கை மபாஸா நாவுலயில் இருக்கிறாள். அவளுக்கும் அங்கே ஒரு கூட்டம் உண்டு. அதனால் மாதம் இரண்டு நாவல். ஒன்று மர்மம், ஒன்று மாயம். ஒன்று இங்கே தங்கும், மற்றது பஸ்ஸில் நாவுலக்குப் போகும். இரு பக்கமும் முடித்த பிறகு மாற்றிக்கொள்வோம். மர்மத்துக்குக் கறுப்பு உறை, மாயத்துக்குப் பூப்போட்ட உறை. இத்தனை வருடத்தில் ஒரு துண்டும் தடம் மாறியதில்லை.

தடம் மாறியது பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில். யட்டவத்தயில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் யூனிபோம் வேண்டும். கடை முழுக்க வெள்ளைத் துணி. கறுப்பும் இல்லை, பூவும் இல்லை. அந்த மாதம் வந்த இரண்டு நாவலும் ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே எழுத்து, இரண்டும் இருநூற்று இருபத்து நாலு பக்கம். அக்கா இரண்டையும் வெட்டினார், எட்டுத் துண்டுக்கும் வெள்ளை உறை போட்டார், எண்ணும் எழுதினார். நாலை இங்கே வைத்துக்கொண்டு நாலை நாவுலக்கு அனுப்பினார். கழுத்து வரை வேலை இருந்தபோது செய்தது என்று பிற்பாடு சொன்னார். நம்புகிறேன். அந்த வாரம் அவர் என் மகனுடைய கால்சட்டையில் இரண்டு காலையும் ஒன்றாகத் தைத்திருந்தார்.

எங்களுக்கு வாய்த்தது ‘கிராம்புத் தோட்டத்துச் சடலம்’. எழுதியவள் நிரோஜா, மாத்தளை டவுனில் டியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும் பெண். அவளுடைய முதல் நாவல். நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி கிராம்பு காய வைக்கும் அறையில் செத்துக்கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் ரொமேஷ் துப்புத் துலக்க வருகிறான். இரண்டாம் துண்டின் கடைசி வரி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இப்படி முடிந்தது: “கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே”

மூன்றாம் துண்டு, நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம், இப்படித் தொடங்கியது: “படுத்திருந்த நாகம் தன் இரண்டு இறக்கைகளையும் விரித்தது.”

என்ன சொல்ல? பக்க எண் சரி. வசனமும் சரி. ஷைத்தான் கூட இவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருக்க மாட்டான்.

நான் நம்பினேன். அதை மறைத்து என்ன பயன். ஐம்பத்தாறு பக்கத்துக்கு இன்ஸ்பெக்டரைக் காணோம், ஒரு இளவரசன் வருகிறான். இன்ஸ்பெக்டர்தான் வேஷம் மாறி வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நாகம் நெருப்புக் கக்கி இளவரசனுடைய கை வெந்துபோகிறது. நாலாம் துண்டைத் திறந்தால் இன்ஸ்பெக்டர் ரொமேஷ் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான்! இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? மார்ஜரி டீச்சரோ, “முதல் பக்கத்திலயே எனக்குத் தெரியும், அந்தப் பொடியன் சாதாரண ஆள் இல்ல” என்றார்.

அக்காவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. நாகம் கடைசியில் சிறகில் அம்பு பட்டுக் கிடக்கிறது. நாலாம் துண்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. “கொலகாரன புடிச்சாங்க, சரி. அந்த வாயில்லா ஜீவனுக்கு என்ன நடந்த?” என்று துணி வெட்டும்போதும் கேட்டார், அளவெடுக்கும்போதும் கேட்டார். அளவு கொடுக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

அப்போதுதான் மாத்தளையில் அந்த நாவலுக்கு அறிமுக விழா என்று செய்தி வந்தது. சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, சபையோர் கேள்வி கேட்கலாம்.

அக்கா அதைக் கேட்டதும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “நானும் கேக்கலாமா ஷெனாலி? எட்டாம் வகுப்பு படிச்ச ஆள், மைக்கில பேசினா சிரிக்க மாட்டாங்களா?” என்றார். வாயைத் திறந்தால் ஊரையே வாங்கி விற்கும் மனுஷி அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. கேளுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். ஒரு கிழமை முழுக்க அந்தக் கேள்வியைப் பாடமாக்கினார். கணவர் மீராசாஹிப் நானாவைச் சாப்பாட்டு மேசையில் எழுத்தாளராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு நாளும் நானாவின் பதில் ஒன்றே: “எனக்குத் தெரியா, சோத்தப் போடுங்க.”

விழாவில் நாற்பது பேர் இருந்தோம். மேடையில் மூன்று பேச்சாளர்கள், நடுவில் நிரோஜா. மெலிந்த பெண், கையில் ஒரு பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். தலைவர் பேசினார்: இந்நூல் மலையக இலக்கியத்தில் ஒரு மைல்கல். பிரதம விருந்தினர் பேசினார்: ஒரே மூச்சில் வாசித்தேன், கீழே வைக்க முடியவில்லை. மூன்றாமவர் கீழே வைக்க முடியாததையே இன்னும் அரை மணிநேரம் சொன்னார். கொலை செய்யப்பட்டவர் பெயரைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. பேசப் பேச நிரோஜாவின் தலை குனிந்துகொண்டே போனது.

“சபையோர் எவராவது?”

அக்கா எழுந்தார். சால்வையைச் சரிசெய்தார். மைக்கைப் பிடித்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் யட்டவத்தயில தைக்கிற ஆள். புத்தகம் நல்லா ஈக்குது. ஆனா மூணாம் பகுதியில அந்த இறக்க நாகத்துக்கு அம்பு பட்டிச்சே, அதுக்குப் பொறகு அதப் பத்தி ஒரு சொல்லும் இல்லயே. அதுக்கு என்ன நடந்த மகள்?”

நிரோஜா வாயைத் திறந்தாள். தலைவர் விடுவாரா? மைக்கை இழுத்துக்கொண்டார்.

“அருமையான கேள்வி, சகோதரி. அந்த நாகம் ஒரு குறியீடு. காயப்பட்ட நம் சமூகமே அந்த நாகம். வாசிக்கும்போது நானே அந்த இடத்தில் கண்கலங்கினேன்.”

பிரதம விருந்தினர் பின்வாங்கவில்லை. “இறக்கையையும் கவனிக்க வேண்டும். இறக்கை என்பது கல்வி” என்றார். மூன்றாமவர், “நாகம் வரும் பகுதியை ஆசிரியர் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்பதே என் தாழ்மையான விமர்சனம்” என்றார்.

நிரோஜா மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேடையை விட்டு இறங்கி, நேரே அக்காவிடம் வந்தாள்.

“அக்கா, புத்தகம் கொண்டு வந்திருக்கீங்களா?”

அக்கா பையிலிருந்து நாலு வெள்ளைத் துண்டையும் எடுத்துக் கொடுத்தார். நிரோஜா மூன்றாம் துண்டைத் திறந்து ஒரு பக்கம் வாசித்தாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது வேற நாவலோட நடுப்பகுதி” என்றாள், சபைக்கே கேட்கும்படி. “என் கதையில நாகமே இல்ல.”

கடைசி வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. தலைவர் கைபேசியை எடுத்து அவசரமாக ஏதோ தேடினார். பிரதம விருந்தினர் தண்ணீர் குடித்தார். ஆனால் அக்காவுக்கு அது எதுவும் தெரியவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகம் செத்துப்போய், “யா அல்லாஹ், வெள்ளத் துணி... மத்த மூணாம் துண்டு நாவுலக்குப் போயிட்டு” என்று முணுமுணுத்தபடி பையைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தார்.

நிரோஜா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“ஒங்கள பாத்து சிரிக்கல அக்கா. இந்த மண்டபத்துல என் புத்தகத்த நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் வாசிச்ச ஆளுங்க நீங்க மட்டும்தான். எங்க அம்மாகூட இருவதாம் பக்கத்துல நிக்கிறாங்க.”

“நாங்க நாலு பேர் வாசிச்ச, மகள்” என்று அக்கா திருத்தினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, நாகத்தை நம்பியவள் என்பதை மறந்து.

நிரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனையைத் திறந்து, மூன்றாம் துண்டின் வெள்ளை உறையில் கையெழுத்துப் போடப் போனாள். அக்கா வெடுக்கென்று பறித்தார்.

“இதுல வைக்க வேணாம். இது வேற ஆக்கள்ட கத. மத்த மூணுலயும் வைங்க.”

வைத்தாள். வைத்துக்கொண்டே, “சரி, மூணாவது பகுதியில உண்மையா என்ன நடக்குதுன்னா, அந்தக் கதவுக்குப் பின்னால—” என்று தொடங்கினாள்.

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“சொல்லாதீங்க! சொல்லாதீங்க மகள்! நான் இன்னம் வாசிக்கல்ல!”

நிரோஜா சட்டென்று வாயை மூடினாள். அன்று மேடையில் அவளுக்குப் போட்ட மாலைக்கும் பொன்னாடைக்கும் வராத சந்தோஷம் அந்த முகத்தில் வந்தது. அக்கா காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, கைபேசியில் நாவுலக்குக் கோல் எடுத்தார். “மபாஸா, கடைசி பஸ் போயிட்டா?”